ஒன்றாம் எண் சட்டை

எங்கள் தெருவின் தையற்காரருக்கு வயது ஐம்பத்து நான்கு. ஊர்க் கால்பந்து அணிக்கு ஒன்பது ஆண்டுகள் சட்டை தைத்தவர் அவர். அணியின் மீது அவருக்கிருந்த பற்றோ அதைவிட முப்பத்தைந்து ஆண்டுகள் மூத்தது. பத்து வயதில் தமக்கையின் கையைப் பிடித்துக்கொண்டு மைதானத்துக்குள் நுழைந்த நாள் முதல், அணி தோற்ற இரவுகளில் அவர் சரியாக உண்டதில்லை என்று அவருடைய மனைவி சொல்வார்.

அப்படிப்பட்டவருக்குச் சட்டை தைக்கும் வேலை வரமாக வந்ததா, தண்டனையாக வந்ததா என்று சொல்வது கடினம். ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும் அணி மேலாளர் இருபத்தைந்து பெயர்களும் எண்களும் அடங்கிய பட்டியலை ஒட்டிய உறையில் வைத்துக் காலை ஒன்பது மணிக்கு அனுப்புவார். மாலை ஆறு மணிக்கு அது மைதான வாசலில் அறிவிக்கப்படும். அதற்குள் இருபத்தைந்து சட்டைகளின் முதுகிலும் பெயரும் எண்ணும் ஏறியிருக்க வேண்டும். இடைப்பட்ட ஒன்பது மணி நேரம், யார் இருக்கிறார், யார் நீக்கப்பட்டார் என்பதை அறிந்த வெளியாள் அவர் ஒருவரே. ஒரு சொல் கசிந்தாலும் வேலை வேறு கடைக்குப் போய்விடும் என்பது உடன்பாடு. அதனால் அவர் அணியைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார். யார் என்ன கேட்டாலும் "பார்க்கலாம்" என்பார். நாக்கில் பூட்டுப் போட்ட மனிதர்.

ஆனால் ஊரில் அணியைப் பற்றிய வாதங்கள் அனைத்தும் அவருடைய கடையில்தான் நடந்தன. வாசலில் கிடந்த நீள்பலகையில் நாள்தோறும் இருவர் தவறாமல் அமர்வார்கள். ஒருவர் எலெக்ட்ரீஷியன். அணியின் புதிய மைதானத்தை ஆற்றுப் பாலத்துக்கு அப்பால்தான் கட்ட வேண்டும் என்று மூன்றாண்டுகளாக முழங்கி வந்ததால் அவருக்குப் 'பாலம்' என்றே பெயராகிவிட்டது. மற்றவர் பேருந்து ஓட்டுநர். பணிமனைக்குப் பக்கத்துக் காலி நிலமே பொருத்தமானது என்பது அவருடைய கட்சி.

சென்ற ஆண்டு பட்டியல் வந்த நாளன்று அவர்கள் வழக்கத்தைவிட முன்னதாகவே வந்துவிட்டார்கள். காரணம் இருந்தது. போட்டித் தொடரின் எட்டு அணிகளும் கூடிப் புதிய இளம் ஆட்டக்காரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி அதற்கு முந்தைய வாரம் நடந்திருந்தது. முந்தைய பருவத்தில் கடைசி இடத்தில் வந்த அணிக்கு முதல் தேர்வு என்பது விதி. எங்கள் அணிதான் கடைசி. கோல் அடிக்கத் தெரிந்த ஒருவனை எடுப்பார்கள் என்று ஊரே காத்திருக்க, அவர்கள் பத்தொன்பது வயதுக் கோல்கீப்பர் ஒருவனைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

"கோல் போட ஆள் இல்லாமதானே தோத்தோம்? கோல் பிடிக்கவா ஆள் இல்ல?" என்றார் ஓட்டுநர். "வீட்டுல அடுப்பு எரியலன்னா பூட்டு வாங்கிட்டு வர்ற ஆளுங்கய்யா இவங்க."

"அந்தப் பையன் நல்லா ஆடுவான்னு சொல்றாங்க," என்றார் பாலம்.

"ஆடட்டும். நம்ம கதவு எங்க போவான்?"

கதவு என்பது எங்கள் அணியின் கோல்கீப்பருக்கு ரசிகர்கள் வைத்த பெயர். முப்பத்து மூன்று வயது. ஒன்பது பருவங்களாக ஒன்றாம் எண் சட்டை அவனுடையது.

"அவனைத் தூக்க மாட்டாங்க," என்றார் பாலம். "தூக்கினா மைதானத்தை ஊர்க்காரங்களே பேர்த்து எடுத்துட்டுப் போயிடுவாங்க."

"எடுத்துட்டுப் போறதுதான் போறீங்க, பணிமனைப் பக்கமா கொண்டுபோய் வையுங்க."

"உங்களுக்கு வண்டிய நிறுத்தினா எதிர்லயே மைதானம் தெரியணும். அதுக்காக ஊரே டீசல் புகையில உட்காரணுமா? அண்ணே, நீங்க சொல்லுங்க!"

திரைக்குப் பின்னால் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. "பார்க்கலாம்," என்றது தையற்காரரின் குரல்.

இங்கே அவருடைய வேலைமுறையைச் சொல்லியாக வேண்டும். மற்ற ஆட்டக்காரர்களுக்கு நீலச் சட்டை, பன்னிரண்டாம் எண் மாற்றுக் கோல்கீப்பருக்கு அதே நூலில் மஞ்சள். முதல் கோல்கீப்பருக்கு மட்டும் பச்சை. அந்த ஒன்றுக்காக நூலையும் ஊசியையும் மாற்ற வேண்டியிருப்பதால், பட்டியல் வருவதற்கு முதல் நாளே பச்சைச் சட்டையைத் தைத்து முடித்துவிடுவார். ஒன்பது ஆண்டுகளில் அந்தப் பெயர் மாறியதே இல்லை. மறுநாள் உறையைப் பிரித்ததும் இரண்டாம் எண்ணிலிருந்து தொடங்குவார். பட்டியலின் முதல் வரியை அவர் படிப்பதே கிடையாது. தைத்த சட்டைகளைப் பெயர் தெரியாதபடி உட்புறம் வெளியே வருமாறு திருப்பிக் கொடியில் தொங்கவிடுவார்.

அன்றும் அப்படியே செய்தார். பகல் ஒன்றரை மணிக்குப் பதினெட்டாம் சட்டையை முடித்துவிட்டு, மீதமுள்ளவற்றைப் பார்ப்பதற்காகப் பட்டியலை நிமிர்த்தினார். அப்போதுதான் முதல் வரி கண்ணில் பட்டது. ஒன்றாம் எண்ணுக்கு நேராக அந்தப் பத்தொன்பது வயதுப் பையனின் பெயர் இருந்தது.

கதவின் பெயரைக் கீழே தேடினார். பன்னிரண்டாம் எண்ணில் இல்லை, இருபத்தைந்திலும் இல்லை. விரலை வைத்து ஒவ்வொரு வரியாக மூன்று முறை படித்தார். இல்லை.

கொடியைத் திரும்பிப் பார்த்தார். பச்சைச் சட்டை அங்கே இல்லை. இஸ்திரி மேசையின் மீது, பெயர் தெரிய விரிந்து கிடந்தது. எழுத்துகளை அழுத்தித் தேய்ப்பதற்காக அவருடைய மனைவி திருப்பிப் போட்டிருந்தார். திரை பாதி விலகியிருந்தது. வாசற்பலகை காலியாக இருந்தது.

"அவங்க எங்க?"

"ஓட்டுநர் தண்ணி பிடிக்க உள்ள வந்தார். அப்புறம் ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டே போனாங்க. என்ன, ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு?"

அவர் பதில் சொல்வதற்குள் பாலம் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். முகமெல்லாம் பல்.

"அண்ணே, நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். நாங்க ஒண்ணும் பார்க்கல," என்று கண் சிமிட்டினார். "ஆனா பார்க்காததைக் கதவுக்கு ஃபோன்ல சொல்லிட்டோம். பாவம், ரெண்டு நாளா தவிச்சுக்கிட்டிருந்தான். வடக்கே ஒரு டீம் அவனைக் கூப்பிட்டிருக்காம். இன்னிக்கு மூணு மணிக்குள்ள பதில் சொல்லணுமாம். இங்கதான் இடம் இருக்கே, இனிமே அவன் எதுக்கு அங்க போகணும்? வேணாம்னு சொல்லிடறேன்னான்."

கடிகாரத்தில் இரண்டு ஆவதற்கு ஐந்து நிமிடம்.

தையற்காரர் உள்ளே சென்று கதவின் எண்ணை அழைத்தார். இணைப்பு வேறொருவருடன் இருந்தது. மீண்டும் அழைத்தார், அப்படியே. ஊரில் பாதிப் பேர் அவனை வாழ்த்திக்கொண்டிருந்தார்கள் போலும். பிறகு அணி மேலாளரை அழைத்து, கதவுக்கு மட்டும் இப்போதே செய்தியைச் சொல்லிவிட முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஆறு மணிக்குத்தான் எல்லாருக்கும். அதுக்கு முன்னாடி யாருக்கும் கிடையாது. உங்க வேலை தைக்கிறது, இல்லையா?" என்று சொல்லி மேலாளர் வைத்துவிட்டார்.

தையற்காரர் முக்காலியில் அமர்ந்தார். வாயைத் திறந்தால் ஒன்பதாண்டு வேலை போகும். கடையின் வருமானத்தில் பாதி அதிலிருந்துதான் வந்தது. திறக்காவிட்டால், முப்பத்து மூன்று வயதில் ஒருவன் கையிலிருந்த இடத்தையும் உதறிவிட்டு நடுத்தெருவில் நிற்பான். அதுவும் தாம் பட்டியலைப் படிக்காத காரணத்தால்.

"நான் பேசாம இருந்துட்டா?" என்று மனைவியிடம் கேட்டார்.

அந்த அம்மையார் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "இருங்க. ராத்திரி தூக்கம் வரலன்னு என்னை மட்டும் எழுப்பாதீங்க."

அவர் எழுந்தார். வெளியே வந்து, "ஸ்கூட்டரை எடு. அவன் வீட்டுக்குப் போகணும்," என்றார்.

பாலத்துக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "வாழ்த்துச் சொல்லவா அண்ணே? நீங்களே நேர்லயா? ஏறுங்க, ஏறுங்க!"

கதவின் வீடு ஆற்றுக்கு அக்கரையில் இருந்தது. பாலத்தின் நடுவில் சுமையுந்து ஒன்று பழுதாகி நிற்க, வண்டிகள் இரு வரிசையிலும் அசையாமல் நின்றன. இரண்டேகால். தையற்காரர் பின்னிருக்கையிலிருந்து எட்டிப் பார்ப்பதும் கைப்பேசியை அழுத்துவதுமாக இருந்தார். இணைப்புக் கிடைக்கவில்லை. முன்னால் இருந்தவரோ பேச்சை நிறுத்தவில்லை.

"ஆற்றங்காத்து எப்படி வீசுது பாருங்க! இதுக்குத்தான் சொல்றேன், மைதானம் அந்தக் கரையிலதான்…"

"இந்தப் பாலத்தைத் தாண்டியாடா ஸ்டேடியம்?" தையற்காரர் வெடித்தார். "ஒரு லாரி நின்னா ஊரே நிக்குது! முப்பதாயிரம் பேர் இது வழியா எப்படிடா போவான்? பறந்தா?"

ஒன்பது ஆண்டுகளில் அவர் வெளியிட்ட முதல் கருத்து அது. பாலம் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தில் இருந்தது கோபம் அன்று என்பது அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"அண்ணே… வாழ்த்துச் சொல்லப் போகல, அப்படித்தானே?"

தையற்காரர் இறங்கினார். வண்டிகளுக்கிடையே ஓடத் தொடங்கினார். சற்று நேரத்தில் பாலமும் ஸ்கூட்டரை ஓரமாகச் சாய்த்துவிட்டு, "நில்லுங்கண்ணே, நானும் வர்றேன்," என்று பின்னால் ஓடினார்.

கதவின் வீடு மூன்றாம் மாடியில். திறந்தவள் அவனுடைய அக்கா. அவன் கூடத்தில், சுவரளவு உயரத்துடன், கைப்பேசியைக் காதில் வைத்துச் சிரித்துக்கொண்டு நின்றான். மூச்சிரைக்க நுழைந்த இருவரையும் கண்டதும் பேச்சை முடித்தான்.

"வாங்கண்ணே! உங்களைத்தான் நினைச்சேன். நீங்க தைச்ச சட்டையிலேயே…"

"வடக்கே பதில் சொல்லிட்டியா தம்பி?"

"ரெண்டு மணிக்கே சொல்லிட்டேன். வேணாம்னுட்டேன். ஏண்ணே?"

தையற்காரர் அவன் அருகில் வந்தார். "தம்பி, அந்தச் சட்டை நான் நேத்தே தைச்சது. பட்டியல் இன்னிக்குத்தான் வந்துச்சு."

கதவு கைப்பேசியை மேசையில் வைத்தான்.

"பன்னெண்டு?" என்று கேட்டான் கதவு. மாற்றுக் கோல்கீப்பருக்குரிய எண் அது.

தையற்காரர் தலையசைத்தார், இல்லை.

"எதுலயுமே இல்லையா?"

"இல்ல தம்பி. நான் முதல் வரியைப் படிக்கல. ஒன்பது வருஷமா படிச்சதில்ல. நீதான்னு…"

கதவு தன் அகன்ற உள்ளங்கைகளைப் பார்த்தபடி நாற்காலியில் அமர்ந்தான். "அந்தப் பொடியன் நல்லாத்தான் பிடிக்கிறான்," என்றான் மெதுவாக. "நானே பார்த்தேன்."

"அவனை அப்புறம் புகழலாம்," என்றாள் அக்கா. "ஃபோனை எடு. முதல்ல ஃபோனை எடுடா!"

அவன் அழைத்தான். மறுமுனையில் இருந்தவர் எரிச்சலுடன், வேறோர் ஆளுக்குச் சொல்லியனுப்பிவிட்டோம் என்றார். பிறகு குரல் தணிந்து, "மூணு மணி வரைக்கும் வாய்ப்பு உங்க பேர்லதான் இருக்கு. எழுத்துல அனுப்புங்க. அதுக்கு மேல நான் உறுதி சொல்ல முடியாது," என்றார்.

மணி இரண்டு ஐம்பத்திரண்டு. கதவு தட்டிய எழுத்துகள் பிறழ்ந்தன. அக்கா கைப்பேசியைப் பிடுங்கித் தானே தட்டினாள். பாலம் அவளுடைய தோளுக்குப் பின்னால் நின்று, "மரியாதையா எழுதும்மா, 'தயவுசெய்து' போடு," என்றார். "நீங்க செஞ்ச உதவி போதும்," என்று அவள் திரும்பாமலே சொன்னாள். இரண்டு ஐம்பத்தேழுக்குச் செய்தி போயிற்று.

பதில் வரவில்லை. மூன்று மணி கடந்தது. மூன்றேகாலும் கடந்தது. தையற்காரர் உட்காரவில்லை, தண்ணீரும் வாங்கிக்கொள்ளவில்லை. தைக்க வேண்டிய சட்டைகள் ஏழு பாக்கி என்பதும், பச்சைச் சட்டையைப் பிரித்துத் தைக்க வேண்டும் என்பதும் நினைவுக்கு வந்தும், கால் நகரவில்லை. மூன்று இருபத்திரண்டுக்குக் கைப்பேசி அதிர்ந்தது. அக்கா படித்தாள். ஓராண்டு ஒப்பந்தம், இரண்டாம் கோல்கீப்பராக, வெள்ளிக்கிழமை வந்து சேர வேண்டும்.

"வெள்ளிக்கிழமையா?" என்றான் கதவு.

தையற்காரர் அங்கிருந்தே மேலாளரை அழைத்து, செய்ததை மறைக்காமல் சொன்னார். "சட்டை ஆறு மணிக்கு வந்துடணும். மத்ததை நாளைக்குப் பேசலாம்," என்றார் மேலாளர். சட்டைகள் ஐந்தே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தன. மறுநாள் பேச்சும் நடந்தது; அது நீளவில்லை. அணியின் சட்டைகள் இப்போது வேறொரு கடையில் தைக்கப்படுகின்றன. எங்கள் தையற்காரர் பள்ளிச் சீருடைகளும் மருத்துவமனைத் திரைச்சீலைகளும் தைத்துச் சமாளிக்கிறார். வாசற்பலகை வாதங்களில் இப்போது அவர் குரலே ஓங்கி ஒலிக்கிறது என்று கடைக்கு மேல் மாடியில் குடியிருக்கும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

சென்ற மாதம் வடக்கு அணி எங்கள் ஊருக்கு ஆட வந்தது. அவர்களுடைய முதல் கோல்கீப்பருக்குக் கணுக்காலில் காயம். ஆகவே எதிரணிக் கம்பங்களுக்கிடையே கதவு நின்றான். ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது, சமநிலையில், எங்கள் அணிக்குப் பெனால்டி கிடைத்தது. அரங்கம் முழுவதும் எழுந்து நின்று கத்தியது. தையற்காரர் மட்டும் இரு கைகளையும் தொடைகளுக்கிடையே அழுத்திக்கொண்டு கண்களை இறுக மூடியிருந்தார். பந்தை உதைக்கும் ஓசையும், அதைத் தொடர்ந்து பெருங்கூச்சலும் கேட்டன. அது மகிழ்ச்சியா ஏமாற்றமா என்று அவருக்குப் பிரித்தறியத் தெரியவில்லை.

"பிடிச்சிட்டானா?" என்று கண்களைத் திறக்காமலே கேட்டார்.

பக்கத்தில் இருந்த ஓட்டுநர் அவரைக் குனிந்து பார்த்தார். "அதை அப்புறம் சொல்றேன். பிடிச்சிருக்கணுமா, விட்டிருக்கணுமா? நீங்க முதல்ல அதைச் சொல்லுங்கண்ணே."