கோவளம் கழிமுகத்தில் பெடல் கயாக்கும் என் முழங்காலும்

இந்தப் பயணத்துக்குக் காரணம் என் ஓரகத்தி சுகந்தி. பொங்கலுக்கு முன்பு குடும்ப வாட்ஸப் குழுவில் அவள் படம் ஒன்று வந்தது. கறுப்புக் கண்ணாடி, அகலத் தொப்பி, இரண்டு கைகளும் மடியில். துடுப்பே இல்லாமல், சைக்கிள் மிதிப்பதுபோலக் கால்களாலேயே படகை ஓட்டுகிறாள். படமெடுத்தது அவள் கணவர், என் கொழுந்தன் ராஜரத்தினம். எனக்கு அறுபத்தொன்பது வயது, அவளுக்கு அறுபத்து நான்கு. எனக்கு நீச்சல் தெரியும், அவளுக்குத் தெரியாது. அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை நானும் வருவதாகச் சொன்னேன். செங்கல்பட்டில் காலை ஐந்தரைக்குப் பேருந்து. திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் முப்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரம். சுகந்தியின் வீடு அங்கேதான். அவர்கள் காரில் ஈசிஆர் வழியாகக் கோவளம் இன்னும் இருபது கிலோமீட்டர். காரில் முன் இருக்கை சுகந்திக்குத்தான்.

கயாக் வாடகை மணிக்கு அறுநூறு ரூபாய், உயிர்காப்பு உடை உட்பட. வாடகைக்கு விடுபவர் ஏழுமலை, ஐம்பது வயதிருக்கும். என்னைப் பார்த்ததும், “ஆயா, நீங்களுமா?” என்றார். “அம்மா என்றால் போதும்” என்றேன். “சரி ஆயா” என்றார்.

இந்தப் படகில் பெடல் ஓரிடத்தில் நிலையாக இருக்கும். இருக்கைதான் தண்டவாளம் போன்ற பள்ளத்தில் முன்னும் பின்னும் நகரும். பக்கத்தில் ஒன்று முதல் ஒன்பது வரை எண்கள். எண் கூடக்கூட இருக்கை பெடலைவிட்டுத் தள்ளிப்போகும். சுகந்தியின் இருக்கையை ஏழில் பொருத்தினார்கள். எனக்கும் ஏழு என்றேன். ஏழுமலை இரண்டு முறை கேட்டார். நானும் இரண்டு முறை ஏழு என்றேன்.

சுகந்தி ஐந்தடி ஏழு அங்குலம். நான் ஐந்தடி ஒன்று.

கழிமுகத்தின் நடுவே ஒரு மணல்திட்டு இருக்கிறது. நாரைகள் நிற்கும். அதுவரை போய்த் திரும்புவதுதான் எல்லோருடைய திட்டமும். நான் பாதி தூரம் போவதற்குள் வலது முழங்காலின் பின்பக்கம் சுரீரென்று இழுத்தது. ஒவ்வொரு மிதிக்கும் கால் குச்சிபோல நீண்டு, இடுப்பும் ஒரு பக்கமாகச் சரிந்தது. திரும்பிவிட்டேன்.

கரை வந்து பார்த்தால் சுகந்தி தூரத்திலிருந்து கத்துகிறாள். “அக்கா, ஒண்ணும் அவசரம் இல்ல, அப்படியே ஒக்காந்து எங்க பையையும் பாத்துக்கோங்க.” ஒன்றரை மணி நேரம் பார்த்துக்கொண்டேன். அவர்கள் திரும்பி வந்ததும் ராஜரத்தினம் தண்ணீரில் இறங்கி அவள் படகைப் பிடித்து, “காலு வலிக்குதா?” என்று கேட்டார். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, “லேசா” என்றாள். அவளுக்கு வலிக்கவில்லை என்று அடித்துச் சொல்வேன்.

காரில் ஏறும்போது, “அடுத்த ஞாயித்துக்கிழமையும் வர்றோம். அண்ணி, ரெண்டு பேர் போற படகுல நீங்க பின்னாடி சும்மா ஒக்காந்துகினு வாங்க, நான் மிதிக்கிறேன்” என்றார் கொழுந்தன். சாமான்போல ஏற்றிக்கொண்டு போகவா? தனிப் படகில் திட்டு வரை போவது, இல்லையென்றால் இனி அந்தப் பக்கமே போவதில்லை என்று முடிவு செய்தேன்.

விடை என் வீட்டிலேயே கிடைத்தது. வியாழக்கிழமை தலையணை உறை தைக்கத் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். வீடு பெருக்கியவள் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டிருந்தாள். நான்கு மிதி மிதித்ததும் அதே முழங்கால், அதே இடம், அதே வலி. நாற்காலியை இழுத்துப் போட்டதும் போய்விட்டது. கான்வென்ட்டில் தையல் வகுப்பின் முதல் பாடமே இதுதான். மிதிபலகையை முழுதாக அழுத்திய பிறகும் முழங்காலில் மடிப்பு மிச்சமிருக்க வேண்டும். பாதம் முழுவதும் படிய வேண்டும். முதுகு நிமிர்ந்திருக்க வேண்டும். சிஸ்டர் வகுப்பைச் சுற்றி வந்து எங்கள் முழங்காலைத்தான் பார்ப்பார், தையலைப் பிறகுதான் பார்ப்பார்.

அடுத்த ஞாயிறு ஏழுமலை என் இருக்கையைத் தாமே ஒன்றாம் எண்ணுக்குத் தள்ளினார். “குள்ளமா கீறீங்க ஆயா, இதான் உங்களுக்கு.” உட்கார்ந்து பார்த்தேன். முழங்கால் மார்புக்கு வந்தது. இப்படி ஓட்டினால் வலி பின்பக்கத்திலிருந்து முன்பக்கத்துக்கு மாறும், அவ்வளவுதான். இரண்டு, மூன்று என்று நகர்த்தச் சொன்னேன். நான்கில் பெடலைக் கடைசி வரை மிதித்து, முழங்காலுக்கு அடியில் மடக்கிய கையை விட்டுப் பார்த்தேன். நுழைந்தது.

“இன்னா ஆயா, சட்டைக்கு அளவு எடுக்கறீங்களா?”

“ஆமாம்” என்றேன்.

முதுகுச்சாய்வை நிமிர்த்தி வாரை இறுக்கினேன். விரல் நுனியால் அல்லாமல் பாதம் முழுவதாலும், பலமாக அழுத்தாமல் இலேசாக, சீராக மிதித்தேன். நாற்பது நிமிடத்தில் திட்டில் இருந்தேன். சுகந்திக்கு முன்னால். நாரைகள் என்னைக் கண்டு பறக்கவில்லை, அவள் வந்ததும் பறந்துவிட்டன.

“பரவால்லையே அக்கா. எந்த நம்பர்ல போட்டீங்க?” என்றாள்.

“உனக்குச் சரிவராது” என்றேன்.

ராஜரத்தினம் பின்னாலேயே வந்து, அவள் படகை மணலில் இழுத்து, குனிந்து கேட்டார். “காலு வலிக்குதா?”

“லேசா.”

அவர் அவள் முழங்காலைத் தேய்த்துவிட்டார். நான் தண்ணீரைப் பார்த்தேன். என் கணவர் இப்படிக் கேட்கிற ரகமில்லை. தைல பாட்டிலை எடுத்து வந்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் பேப்பர் படிக்கப் போய்விடுவார். அவர் போய் ஆறு வருடமாகிறது. பாட்டிலை நானே எடுத்துக்கொள்கிறேன்.

போக நினைப்பவர்களுக்கு: காலை எட்டுக்குள் தண்ணீரில் இருங்கள், பிறகு காற்று ஏறிவிடும். பக்கத்துப் படகின் எண்ணைப் பார்க்காதீர்கள். கரையிலேயே உட்கார்ந்து, கால் நீளும்போது முழங்காலில் மடிப்பு மிச்சமிருக்கிறதா என்று பாருங்கள். பின்பக்கம் வலித்தால் இருக்கையை முன்னே இழுங்கள், முன்பக்கம் வலித்தால் பின்னே தள்ளுங்கள். ஏற்கெனவே முட்டித் தேய்மானம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுப் போங்கள். அரை மணிக்கு ஒருமுறை நிறுத்திக் காலை ஆட்டிக்கொள்ளுங்கள்.

திட்டிலிருந்து திரும்பும்போதும் நான்தான் முதலில் கரை சேர்ந்தேன். படகிலிருந்து நானே இறங்கினேன். எனக்குக் கொஞ்சமும் வலிக்கவில்லை. யாராவது கேட்டிருந்தால், லேசா என்று சொல்லியிருப்பேன்.