மூன்று முறை இழுத்துப் பார்ப்பது

வாசல் கேட்டுக்குக் கொக்கி போட்டால் மூன்று முறை இழுத்துப் பார்த்த பிறகுதான் எனக்குக் காலெழும். காரிமங்கலத்தில் எங்கள் தெருவுக்கே இது தெரியும்.

என் மருமகள் வீட்டிலிருந்தபடியே ஒரு பால் பண்ணையின் கணினிகளைக் கவனிக்கிறாள். முதன்மைக் கணினி தர்மபுரியில். அதில் விழும் ஒவ்வொரு பதிவையும் வாங்கித் தானும் எழுதிக்கொள்ளும் ஸ்டாண்ட்பை, அரூரில். முதலாவது நின்றால் இரண்டாவது பொறுப்பேற்கும். அப்படி எழுதும்போது பதிவு கெட்டிருக்கிறதா என்று அது சோதிப்பதில்லை, நாமாக மாற்றாதவரை அமைப்பு அப்படித்தானாம். கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

"சும்மா கெடக்கற மெஷின்தானே கண்ணு, முழுசாச் சோதிக்கச் சொல்லேன்" என்று பத்து நாள் நச்சரித்தேன். பதினோராம் நாள் மாற்றினாள்.

அடுத்த வாரம் தர்மபுரியில் மாதாந்திர மின்தடை. ஒன்பது மணிக்குக் கரண்ட் போகும், ஜெனரேட்டரோ ரிப்பேரில். அதற்குள் அரூர் எல்லாப் பதிவையும் எழுதி முடித்துப் பொறுப்பேற்காவிட்டால், வரும் பால் வண்டிகளைப் பதிந்து இறக்க முடியாது. வெயிலில் நின்று பால் திரிந்துவிடும்.

எட்டு மணிக்கு அரூர் நாற்பத்திரண்டு நிமிடம் பின்தங்கியிருந்தது. எட்டுப் பத்துக்கு நாற்பத்து நான்கு.

"எதனால கண்ணு?"

"எல்லாம் நீங்க கேட்ட சோதனைதானுங்க மாமா."

"அய்யோ, நிறுத்திடு!"

"மொத்தமா நிறுத்துனா எது கெட்டாலும் தெரியாதுங்க. நடுவுல ஒண்ணு இருக்குது. பதிவப் பாக்கும், தேடறதுக்கு வெச்சிருக்கற இன்டெக்ஸ மட்டும் உட்ரும். அது கெட்டா பதிவ வெச்சு மறுபடி கட்டிக்கலாம்."

மாற்றினாள். நான் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு, "முப்பத்தொண்ணு... பத்தொம்பது... எட்டு..." என்று வாசித்தேன்.

"கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி சொல்லாதீங்க மாமா!"

எட்டு ஐம்பத்தொன்றுக்குப் பூஜ்யம். உடனே பொறுப்பை அரூருக்கு மாற்றினாள். ஒன்பதுக்குத் தர்மபுரியில் கரண்ட் போனது. ஒன்பதே காலுக்கு முதல் வண்டியின் பதிவு அரூரில் விழுந்தது. பத்தரைக்குள் பதினேழு வண்டி, நானே எண்ணினேன்.

அதன்பின் கீரை வாங்கக் கிளம்பினேன். கொக்கி போட்டு ஒருமுறை இழுத்தேன். இன்னொரு முறை.

ஜன்னலிலிருந்து மருமகளின் குரல் வந்தது. "ரெண்டோட நிறுத்துங்க மாமா. லேட்டாப் போனா கீரை கெடைக்காது!"

மூன்றாவதை விட்டேன். நாலு கட்டு கிடைத்தது.