தாம்பூலப் பையில் ஒரு வட்டு

எங்கள் சமையலறைக் கதவின் பின்னால் ஒரு தாம்பூலப் பை தொங்குகிறது. ஒரு பக்கம் மணமக்கள் பெயர். மறுபக்கம், ‘உங்கள் கம்ப்யூட்டருக்கும் புதுவாழ்வு! விலையில்லை, பூட்டில்லை, பிறருக்கும் கொடுக்கலாம்.’ கீழே ஒரு தொலைபேசி எண்.

பீளமேட்டில் நான் அலுவலகக் கண்காணிப்பாளராக இருந்த கல்லூரியில் மணப்பெண்ணின் அப்பா கணினிப் பேராசிரியர். யாரும் காசின்றிப் பயன்படுத்தலாம், திறந்து பார்த்துத் திருத்தலாம் என்கிற கட்டற்ற மென்பொருள்மீது அவருக்குத் தீராத பக்தி. மாணவர்கள் தேர்வுக்குப் படித்து மறந்தார்கள். சாதாரண வீட்டில் ஒருவராவது அதை அன்றாடம் பயன்படுத்துவதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. சரக்கு நல்லது, விளம்பரம்தான் இல்லை என்பது அவர் கண்டுபிடிப்பு. சூலூர் மண்டபத்தில் மகள் கல்யாணம். தேங்காய் வெற்றிலையோடு அந்த மென்பொருள் பதிந்த சி.டி. வட்டும் பைக்கொன்றாகப் போடப்போவதாகச் சொன்னார்.

“ஏனுங்க, தானங்கொடுத்த மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாக்கக்கூடாதும்பாங்க. நம்மாளுக பாப்பாங்களுங்க,” என்றேன். விலைப்புள்ளி கேட்காமல் குண்டூசியும் வாங்காத அலுவலகத்தில் நரைத்தவன் நான்.

“பாக்கட்டுமுங்க. தொறந்து பாக்கறதுக்குத்தானுங்களே குடுக்கறது,” என்றார்.

கல்யாணம் முடிந்த வாரம் முழுக்க அவர் அழைப்பை எதிர்பார்த்துத் தொலைபேசியைக் கையைவிட்டு இறக்கவில்லை. காங்கேயத்து எண்ணெய் மில்காரர் ஒருவர் அழைத்தார். “பையில போட்ட கல்யாண வீடியோ ஓட மாட்டீங்குதுங்க.” இன்னொரு அம்மாள், “பை நல்லாக் கெட்டியா இருக்குதுங்க, இன்னும் ரெண்டு கெடைக்குங்களா?” அவ்வளவுதான். பிறகு ஒருநாள் நாங்கள் இருவரும் காங்கேயம் போகையில், பேருந்து நின்ற இடத்தருகே சோளக்காட்டில் மயிலை விரட்ட வட்டுகளைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அவற்றில் அவர் கையால் ஒட்டிய பச்சை லேபிள் தெரிந்தது. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துவிட்டு, “மயிலாச்சும் பாத்துச்சுங்களே,” என்றார். அதற்குப் பின் அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

போன ஆவணியில், பணியில் இருக்கும்போதே காலமானார். குடும்ப ஓய்வூதியத்துக்கு வழிசொல்லப் போனேன். எனக்குத் தெரிந்த ஒரே ஆறுதல் நடைமுறைதான். நான் சொல்லச் சொல்ல, அவர் மனைவி மூலையிலிருந்த கம்ப்யூட்டரில் விண்ணப்பத்தைத் தானே அடித்து அச்செடுத்துக் கொடுத்தார். ஓரம்கூட விதிப்படி விட்டிருந்தார். திரையில் இருந்தது பேராசிரியர் வட்டில் கொடுத்த அதே மென்பொருள்.

“இது எப்பக் கத்துக்கிட்டதுங்க, அம்மணி?”

“அவரு காலேஜுக்குப் போனப்பறம் பஜனைப் பாட்டெல்லாம் இதுலதானுங்க அடிப்பேன். ரொம்ப வருசமாச்சுங்க. எல்லார்த்து ஊட்லயும் கம்ப்யூட்டருன்னா இப்படித்தான் இருக்கும்னு நெனச்சுப்போட்டனுங்க.”

“அவருகிட்டச் சொல்லலீங்களா?”

“அவரு கேக்கலீங்களே,” என்றார். பிறகு, காப்பி வைக்கிறேன் என்று எழுந்து உள்ளே போனவர் நெடுநேரம் திரும்பவில்லை.

இன்றும் உழவர் சந்தைக்கு அந்தப் பையைத்தான் எடுத்துப்போகிறேன். மணமக்கள் பெயர் அழிந்துவிட்டது. தொலைபேசி எண் மட்டும் தெளிவாக இருக்கிறது. அந்த எண் இப்போது அவர் மனைவியிடம் இருக்கிறது. அழைத்துக் கேட்டால் விளக்கிச் சொல்ல அந்த வீட்டில் ஆள் உண்டு. யாரும் அழைப்பதில்லை.