குறுக்கு நூலை மட்டும் எரித்துப் பார்த்த பொன்மணி

நாரணாபுரத்தில் பொன்மணியக்காவிடம் துணி தைக்கக் கொடுத்தால், அளவு நாடாவுக்கு முன்னால் தீப்பெட்டி வரும். ஓரத்தில் ஒரு நூலை உருவிப் பற்றவைத்து, மூக்கருகே கொண்டுபோய், கோர்ட்டில் தீர்ப்பு வாசிக்கிற குரலில் சொல்வார்: "காயிதம் எரியுற வாட. பருத்திதான்." கல்யாண ஜாக்கெட்டுக்கும் இதே மரியாதைதான்.

பதினோரு வருஷம் பட்டாசு ஆலையின் வெடிமருந்து அறையில் வேலை பார்த்தவர். அங்கே பருத்தி தவிர வேறு துணிக்கு இடமில்லை. பாலியஸ்டர் உரசினால் மின்பொறி கிளம்பும். தீப்பட்டால் உருகித் தோலோடு ஒட்டும். முழங்கால் மக்கர் செய்த பிறகு தையலுக்கு வந்தார். ஆலைப் பெண்கள் சேலைக்கு மேல் போடும் நாற்பது சட்டைகளும் அவர் கைவேலை.

இந்த சீசனுக்குக் கம்பெனி புதுத் துணி வாங்கித் தந்தது. வெட்டிய ஓரத்தில் நூல் உருவி எரித்தார், சாம்பலானது. தைத்து, சனிக்கிழமை கொடுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை குழாயடியில், சட்டை வாங்கிப்போன ஆலைப் பெண்களில் ஒருத்தியான சின்னத்தாய், மூச்சே விடாமல், "யக்கா, என்னா துணிக்கா! தொவச்சுப் போட்டு ஒரு வா காப்பி குடிக்கல, காஞ்சுபோச்சு! தேய்க்கவே வேணாம், சுருக்கமில்ல!" என்றாள்.

பாராட்டைக் கேட்டதும் பொன்மணி குடத்தைக் கீழே வைத்துவிட்டார். இவ்வளவு சீக்கிரம் பருத்தி காயாது. வீட்டுக்கு நொண்டியபடி விரைந்து, மிச்சத் துண்டில் இந்தத் தடவை நீளவாக்கு நூலை உருவினார். தீயைக் கண்டதும் சுருண்டு, உருகி, கறுப்பு மணியாக இறுகியது. குறுக்கே பருத்தி, நெடுக்கே பாலியஸ்டர். அவர் எரித்துப் பார்த்தது குறுக்கு நூலை மட்டும்.

திங்கள் காலை, ஆட்கள் உள்ளே போகும் முன் ஆலை வாசலில் நின்றார்.

"ஒருத்தரும் இந்தச் சட்டையோட உள்ள போவாதீக. எம் மேலதான் தப்பு, சரியாப் பாக்கல."

சூப்பர்வைசர் ராஜசிங் எப்போதும் மைக் பிடித்தமாதிரிதான் பேசுவார். "லேபிள்ல நூறு சதவீதம் காட்டன்னு போட்டிருக்கும்மா! ஆர்டர் தலைக்கு மேல நிக்குது!"

"லேபிள் போட்டவனா சார் உள்ள ஒக்காந்து மருந்து அடைக்கப் போறான்?"

"பாதிதானம்மா பாலியஸ்டரு? பாதி பருத்தி இருக்குல்லா?"

"பாதின்னா பாதி ஆபத்துன்னு நெனச்சுக்கிட்டீகளா? பருத்தி எரிஞ்சு திரி மாதிரி நிக்கும். உருகுனது சொட்டக்கூட வழியில்லாம அதுலயே நின்னு எரியும். தனிப் பாலியஸ்டரவிட மோசம் சார்."

நெடுக்கு நூல் ஒன்றை அவர் கையில் கொடுத்தார். சாலைக்கு அப்பால் டீக்கடை அடுப்பில் ராஜசிங்கே அதை எரித்துப் பார்த்தார். திரும்பி வந்தபோது மைக் அணைந்திருந்தது.

"பழைய சட்டை இருக்கிறவங்க மாத்திட்டு வாங்க. இல்லாதவங்களுக்கு இன்னைக்கு உள்ள வேலை இல்ல."

சின்னத்தாய் பழைய சட்டையை முந்தின நாள்தான் கிழித்துக் கரித்துணியாக்கியிருந்தாள். முப்பத்தொன்பது பேர் மாற்றிக்கொண்டு உள்ளே போனார்கள். புதுச் சட்டை மூட்டையின் ஒரு முனையை பொன்மணி பிடிக்க, மறுமுனையைப் பிடித்தபடி சின்னத்தாய் வீடுவரை திட்டிக்கொண்டே வந்தாள்.

"ஒரு நூலு எரிச்சவுக இன்னொரு நூலு எரிச்சா என்னக்கா? தீக்குச்சிக்கா பஞ்சம், சிவகாசில?"

பொன்மணி, மூட்டையின் பாரம் சின்னத்தாய் பக்கம் சாய்ந்துவிடாமல் பிடித்துக்கொண்டு நடந்தார்.