கையால் எடை பார்த்த துப்பாக்கி

என் மனைவியின் தம்பி சினிமாவில் ஆர்ட் டிபார்ட்மெண்டில் சேர்ந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. திருமழிசையில் மூடிக் கிடந்த ஒரு ஷெட்டில் ரவுடிகளை வைத்துக் காமெடிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். துப்பாக்கிகள் அவன் பொறுப்பு. என் விடுமுறை நாளில் போன் செய்தான்.

"மாமா, சீக்கிரம் வா. எல்லாம் கலந்து பூட்ச்சு."

வெடிக்கிற துப்பாக்கியின் பிடியில் சிவப்பு டேப் ஒட்டியிருப்பான். கேமராவில் தெரிகிறதென்று யாரோ அதைப் பிய்த்துவிட்டார்கள். மேஜையில் ஒரே கறுப்புப் பெயிண்டில் ஐந்து ரிவால்வர்கள். எல்லாவற்றிலும் பார்வைக்குத் தோட்டா சொருகியிருந்தது. நான்கு பொம்மை, ஒன்றில் மட்டும் குண்டில்லாமல் வெறும் மருந்து. தள்ளி நின்று சுட்டால் சத்தமும் நெருப்பும்தான். தலையில் வைத்துச் சுட்டால் ஆள் காலி. அன்றைய காட்சியில் காமெடி நடிகர் பொம்மையைத் தன் நெற்றிப்பொட்டில் வைத்து விசையை அழுத்த வேண்டும்.

"கொழாயில கம்பி வுட்டுப் பாத்துக்கலாமா மாமா? பொம்மைன்னா உள்ள போவாது" என்றான்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆவடி ராணுவத் தொழிற்சாலையில் இருபது வருடமாக ஆயுதங்களைச் சோதித்து பாஸ் போடுகிறவன் நான். "எனக்கே பாடம் எடுக்கிறியா?" என்று சொல்லிவிட்டு ஒவ்வொன்றாகக் கையில் தூக்கிப் பார்த்தேன். இருப்பதிலேயே கனமானதைத் தனியே வைத்தேன். "இதுதான் வெடிக்கும். மத்ததெல்லாம் பொம்மை."

லேசான ஒன்றை நடிகர் வாங்கிக்கொண்டு போனார். விளக்குகள் எரிந்தன. என் கெட்டிக்காரத்தனத்தை மச்சானுக்குக் காட்டத்தான் அந்தக் கனமான துப்பாக்கியில் கம்பியை விட்டேன். போகவில்லை. முழு இரும்பு, ஓட்டையே இல்லை. சினிமாவில் வெடிக்கிறதையும் லேசான உலோகத்தில் செய்வார்கள், பொம்மையிலும் முழு இரும்பு இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? அப்படியானால் வெடிக்கிறது அந்த லேசான நான்கில் ஒன்று. நடிகரின் கை தலைக்குப் போய்விட்டிருந்தது.

கத்தவும் பயம், பதறி விசையை அழுத்திவிடுவாரோ என்று. ஓடிப்போய் மணிக்கட்டைப் பிடித்து மேலே தள்ளினேன். வெடித்தது. நடிகரின் முடி பொசுங்கிய வாடை அடித்தது. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இதை பொம்மைன்னு எவன் சொன்னது?" இயக்குநர் கத்தினார்.

நான் வாயைத் திறப்பதற்குள், "நான்தான் சார், மாத்திக் குடுத்துட்டேன்" என்றான் மச்சான். அந்த நிமிடமே அவனை வெளியே அனுப்பினார்கள். உண்மையைச் சொல்லாமல் நானும் அவன் பின்னாலேயே நடந்தேன்.

பஸ் ஸ்டாப்பில், "அக்காவாண்ட சொல்லாத மாமா, உன்னத்தான் திட்டும்" என்றான்.

இன்றுவரை சொல்லவில்லை. தம்பி எந்த வேலையிலும் நிலைக்க மாட்டேனென்கிறான் என்று அவள் புலம்பும்போது, ஆமாம் என்று தலையாட்டுகிறேன்.