அவுக இங்கனதான் இருக்காக

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்துபோகிற ஆள் நான். மனம் நம்மை எப்படியெல்லாம் ஏமாற்றும் என்று படித்துப் பட்டம் வாங்கி, பதிவும் பெற்று, அதையே பிழைப்பாக வைத்திருப்பவள். நீங்கள் நம்பாவிட்டால் எனக்கு வருத்தமில்லை, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்பமாட்டேன். எதையும் தேதி போட்டுக் குறித்துவைப்பது என் பழக்கம், ஆனால் இதற்குத் தேதி சொல்லப்போவதில்லை. சொன்னால் அந்தப் பெண் யாரென்று தெரிந்துவிடும். மாங்காய் சீசன் முடிந்து ஆடிக் காற்று தொடங்கியிருந்தது, மதியம், நல்ல வெயில். அது போதும்.

பெரியகுளத்தில் என் வீட்டு மாடியறையிலிருந்து ஆன்லைனில் கவுன்சலிங் கொடுக்கிறேன். நான் படித்த முறையில் புத்தி சொல்லக்கூடாது. போ என்றோ போகாதே என்றோ சொல்லக்கூடாது. வருகிறவர் சொல்வதைக் கேட்டு, அவருக்கே தெளிவாகும்படி திருப்பிக் கொடுக்க வேண்டும், முடிவு அவருடையது. என் அம்மாவுக்கு இன்றுவரை இது புரியவில்லை. "அவுக சொன்னதையே அவுகளுக்குச் சொல்றதுக்கா ஒன்னையப் படிக்கவச்சோம்?" என்பார்.

மலர் என்று வைத்துக்கொள்ளுங்கள், என்னைவிட இளையவள். கட்டிக்கொடுத்தது கெங்குவார்பட்டியில், பேசுவது ஜெயமங்கலத்து அண்ணன் வீட்டிலிருந்து. வீடியோ போட்டால் லைன் நிற்காது என்பதால் குரல் மட்டும்தான். முதல் நாள் தூக்கமில்லை என்றாள். பிறகு மெல்ல மெல்ல விஷயம் வந்தது.

"அவுக கூப்பிடுறாக மேடம். அண்ணன் விட மாட்டேங்குது."

இந்தப் பக்கத்துப் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்லமாட்டார்கள், 'அவுக'தான். புருஷனோடு சண்டை, பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டாள், அவர் வந்து வந்து கூப்பிடுகிறார், அண்ணன் முறைத்துக்கொண்டு நிற்கிறார் என்று மீதிக் கதையை நானே முடித்துக்கொண்டேன். இப்படி எத்தனையோ கேட்கிறேன்.

அன்று மதியமும் வழக்கம்போல், பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டுத்தான் தொடங்கினேன்.

"அவுக இங்கனதான் இருக்காக. கட்டில் ஓரமா."

மனம்விட்டுப் பேச அது தோதுப்படாது என்று, போனை ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். "சார், தப்பா நினைக்காதீங்க, கொஞ்ச நேரம் வெளிய இருக்க முடியுமா?"

ஓர் ஆண் குரல், அவசரமே இல்லாமல், "அவங்க பேசட்டுங்க மேடம். நான் வெளியில இருக்கேங்க" என்றது. கதவு கிறீச்சிட்டு மூடுகிற சத்தமும் கேட்டது. என் காதால் கேட்டேன். பரவாயில்லையே, தன்மையான மனிதர் என்றுகூட நினைத்தேன்.

"போயிட்டாக மேடம்," என்றாள் மலர். கொஞ்சம் பொறுத்து, "நானும் கூடவே போயிறலாம்னு இருக்கு."

"அவரோட போயிட்டா நிம்மதியா இருக்கும்னு உங்களுக்குத் தோணுது."

"ஆமா மேடம்!" அந்தக் குரல் அவ்வளவு லேசாகி அதுவரை நான் கேட்டதில்லை. "இன்னைக்கே போயிர்றேன்."

போனை வைத்த பிறகுதான், அந்த ஆள் அடிப்பவரா என்று கேட்கவில்லையே என்று உறைத்தது. திரும்பக் கூப்பிட்டால் போன் அணைந்திருந்தது. அவசரத்துக்கென்று அவள் கொடுத்திருந்த அண்ணன் எண்ணை அழைத்தேன்.

"உங்க தங்கச்சி அவங்க வீட்டுக்காரரோட கிளம்புறேன்னு சொன்னாங்க. அங்க அடி உதை எதுவும் உண்டா?"

"யாரோட?"

"அவங்க வீட்டுக்காரரோட. இப்பத்தான் அவர்கிட்டயும் பேசினேன்."

"வெளையாடாதீக மேடம். மச்சான் செத்து வருசம் திரும்பப் போகுது."

உடனே வீட்டுக்குப் போங்கள் என்று கத்தினேன். அவர் போனை அணைக்காமலே ஓடினார், அந்த மூச்சிரைப்பும் செருப்புச் சத்தமும் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தன. கல்யாணப் பட்டுச்சேலையைக் கட்டி, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு, தோப்புக் கிணற்றை நோக்கி நடந்துகொண்டிருந்தவளை வழியிலேயே மறித்துவிட்டார். "ஏத்தா, எங்கத்தா போற?" என்று அவர் அழுததற்கு, "அவுககூட" என்று அவள் சொன்னதும் எனக்குக் கேட்டது.

தேனியில் மனநல மருத்துவரிடம் காட்டினார்கள், மாத்திரையில் தூக்கம் வந்தது. நானும் என்னைச் சமாதானப்படுத்திப் பார்த்தேன், பக்கத்து வீட்டு ஆளாக இருக்கும், டிவியாக இருக்கும் என்று. ஆனால் அந்த நேரத்தில் வீட்டில் வேறு யாருமே இல்லை என்று அண்ணன் சத்தியம் செய்தார். டிவி என் கேள்விக்குப் பதில் சொல்லாது என்பது எனக்கே தெரியும்.

சில வாரங்கள் கழித்து மலர் அண்ணியோடு நேரில் வந்தாள். மறைக்க மனமில்லாமல், அன்று போனில் ஓர் ஆண் குரல் என்னோடு பேசியதைச் சொன்னேன். சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவுக பேசுனாகளா? எனக்கு ஒண்ணும் கேக்கலையே! எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல மேடம். கையாலதான் கூப்பிடுவாக. என்ன சொன்னாக? குரல் எப்பிடி இருந்துச்சு?"

அந்த முகத்தைப் பார்த்தபோது, இவள் மறுபடியும் கிணற்றுப் பக்கம் நடந்துவிடுவாளோ என்று பயந்தேன். ஆனாலும் சொன்னேன், கேட்டது கேட்டபடி.

மலர் என் கையை விட்டாள்.

"அவங்களா? என்னையவா?" அண்ணியைத் திரும்பிப் பார்த்தாள். "அவுக என்னைய 'ஏ புள்ள'ம்பாக, கோவம் வந்தா 'கழுத'ம்பாக. 'அவங்க'ன்னு ஒரு நாளும் சொன்னதில்ல."

"இவ புருசன் கலெக்டரு வந்தாலே 'வாய்யா'ம்பாரு," என்றார் அண்ணி. "இந்த 'ங்க' எல்லாம் நீங்க பேசுற பேச்சாச்சே மேடம்."

மலர் நாற்காலியை இழுத்து அண்ணியை ஒட்டிப் போட்டுக்கொண்டாள். கட்டில் ஓரம் இருந்ததன் முகத்தைப் பார்த்திருக்கிறாளா என்று கேட்டேன். இல்லையாம். புருஷனின் சட்டைதான், அவர் உட்காருகிற மாதிரிதான். முகத்தை மட்டும் சுவர் பக்கமே திருப்பி வைத்திருக்குமாம்.

அதன்பிறகு போகணும் என்ற பேச்சு அவள் வாயில் வரவில்லை. இன்றுவரை அண்ணியின் பக்கத்தில்தான் படுக்கிறாள், நன்றாக இருக்கிறாள். ஆனால் அன்று கிளம்பும்போது வாசல்படியில் நின்று கேட்டாள்: "அப்ப இம்புட்டு நாளும் எங்கூட உக்காந்திருந்தது யாரு மேடம்?"

என்ன கேட்டாலும், "உங்களுக்கு என்ன தோணுது?" என்று திருப்பிக் கொடுத்துத்தான் எனக்குப் பழக்கம். இந்தக் கேள்வியை மட்டும் என்னால் அப்படித் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.