சம்பந்தியம்மாளுக்கு அடுத்த கொரிய நாடகம்

பிடித்த கொரிய நாடகத்தை அப்போதுதான் பார்த்து முடித்த பெண்மணியிடம் உடனே பேச்சுக் கொடுக்கக்கூடாது. கடைசிக் காட்சி முடிந்து பெயர்கள் ஓடித் தீர்ந்த பிறகும் அவர் திரையையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் 'சாப்பாடு?' என்று கேட்ட ஒரு மனிதனை எனக்குத் தெரியும். அவன் அன்றைக்கு மாசாய் கடைத்தெருவில் ரொட்டி சானாய் தின்றான். தினமும் முகம் மழிக்கும்போது அவனைப் பார்க்கிறேன்.

இந்தத் துயரத்துக்கு அடுத்த நாடகம்தான் மருந்து. அதை எழுதிக் கொடுக்கும் வைத்தியன் என்று எங்கள் தாமான் குடியிருப்பில் எனக்கு ஒரு பெயர் உண்டு. நான் நிறையப் படிப்பவன் என்பது என் தகுதி. நாடகங்களைப் பற்றி எழுதியவற்றையும் படிப்பேன். நாடகங்களைத்தான் பார்ப்பதில்லை. முதல் இரண்டு அத்தியாயம் தாங்குவேன். கதாநாயகன் மழையில் குடையோடு வந்து நின்றதும் கண் சொக்கிவிடும். மீதியை விமர்சனங்களில் தெரிந்துகொள்வேன். "உங்களுக்கு எது பிடிச்சிருந்துச்சு? குடையா, அழுகையா, பழிவாங்குறதா?" என்று நாடி பிடித்துவிட்டு ஒரு பெயரைச் சொன்னால் போதும். இதுவரை யாரும் செத்ததில்லை.

என் மகளின் கல்யாணப் பேச்சே ஒரு கொரிய நாடகத்தால்தான் நகர்ந்தது. அவளும் அந்தப் பையனும் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். அவனுக்குச் சிங்கப்பூரில் வேலை. இருட்டோடு மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிப் போய் இருட்டோடு திரும்புகிற ரகம். செனாயில் அம்மாவோடு இருக்கிறான். கணவரை இழந்த அம்மா, ஒரே மகன். பெண் பார்க்க வந்த அன்று அந்த அம்மா சோபாவின் விளிம்பில் உட்கார்ந்து, கொடுத்த காப்பியைத் தொடாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதற்றத்தில் என் மனைவி தொலைக்காட்சியை அணைக்க மறந்திருந்தாள். திரையில் ஒரு நூடல்ஸ் கடைக்காரி கரண்டியோடு உறைந்து நின்றாள்.

"இவளுக்கு ஞாபகம் திரும்பிருச்சா?" என்றார் அந்த அம்மா.

"அலமாக், சொல்லிறாதீங்க அண்ணி! நான் இன்னும் அங்க வரல!" என்றாள் என் மனைவி.

காப்பி காலியானது. பரிசம் போட நாள் பார்க்கலாம் என்றார்கள்.

ஆனால், கல்யாணத்துக்குப் பிறகு பிள்ளைகள் இருவரும் எங்கே இருப்பது என்பதை மட்டும் யாரும் பேசவில்லை. செனாயில்தான் என்று அந்த அம்மா முடிவே செய்திருந்தார். பாசிர் கூடாங் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை வேலை பார்க்கும் என் மகளுக்கோ மாமியார் வீட்டுக்குப் போவதில் பயம். அதை வெளியே சொல்வதில் அதைவிடப் பயம். சொல்லி, பேச்சே முறிந்துவிட்டால்? எங்கள் ஆட்களுக்குச் சம்பந்தி வீட்டில் எதையும் நேரே சொல்லும் பழக்கம் கிடையாது. ஜாடைதான். சர்க்கரை குறைந்த காப்பி ஒரு ஜாடை. தாமதமாக வந்த வாட்ஸ்அப் பதில் ஒரு ஜாடை. பக்கத்து வீட்டு மருமகளைப் பற்றிய கதையில் குறைந்தது மூன்று ஜாடை இருக்கும். வீட்டுக்குப் போய் ஆற அமர உட்கார்ந்து, ஒவ்வொன்றாக உரித்துப் பார்ப்போம்.

இந்த நிலைமையில்தான் சம்பந்தியம்மாள் எனக்குப் போன் செய்தார்.

"அண்ணே, நூடல்ஸ் கடை முடிஞ்சிருச்சு. மனசே சரியில்ல. அடுத்து எதப் பார்க்கிறதுன்னு உங்களக் கேட்டா நல்லதா சொல்வீங்கன்னு அண்ணி சொன்னாங்க."

பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. 'குடும்ப உறவுகளை நுட்பமாகச் சித்திரிப்பது' என்று எங்கோ படித்திருந்த ஒரு நாடகத்தின் பெயரைச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"அவசியம் பாருங்க அண்ணி. உங்களுக்காகவே எடுத்த மாதிரி இருக்கும்" என்று சொந்தச் சரக்கையும் சேர்த்தேன்.

அந்த வாரக் கடைசியில் மகள் என் முன்னால் வந்து நின்றாள்.

"அப்பா, அவங்கம்மாவ என்ன பார்க்கச் சொன்னீங்க?"

சொன்னேன்.

"நீங்க பார்த்தீங்களா?"

"பார்த்த மாதிரிதான்."

"மாதிரின்னா?"

"ரெண்டு எபிசோட்."

"ஐயோப்பா! மூணாவதுலதான் மாமியாரே வர்றா!"

மனைவியையும் கூப்பிட்டு, மூவரும் உட்கார்ந்து மூன்றாவதைப் பார்த்தோம். கணவரை இழந்த ஓர் அம்மா வந்தார். ஒரே மகன். அவருக்குப் பிடித்த நிறம் ஊதா; எங்கள் சம்பந்தியம்மாள் ஊதா தவிர வேறு சேலை கட்டி நான் பார்த்ததில்லை. மூக்குக் கண்ணாடிக்குச் சங்கிலி. சம்பந்தியம்மாளுக்கும் சங்கிலி. மருமகளாக வரப்போகும் பெண் ஒரு தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். அந்த அம்மா அவளைக் காப்பிக் கடைக்கு வரவழைத்து, ஒரு கிளாஸ் தண்ணீரை முகத்தில் ஊற்றினார்.

"உங்களுக்காகவே எடுத்த மாதிரின்னு சொன்னீங்களா?" என் மனைவி மெதுவாகக் கேட்டாள்.

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

மகள் எழுந்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

தினமும் ரோஜாப்பூப் படத்தோடு வரும் காலை வணக்கம் செனாயிலிருந்து வருவது நின்றது. மாப்பிள்ளைப் பையனைக் கேட்டால், "அம்மா கதவச் சாத்திக்கிட்டு பார்க்குறாங்க, அழுகைச் சத்தம் கேக்குது" என்றானாம். பிறகு ஒரே ஒரு செய்தி வந்தது: 'ஞாயிற்றுக்கிழமை வருகிறோம். பேச வேண்டும்.' இத்தனை நல்ல தமிழில் அவர் எங்களுக்கு எழுதியதே இல்லை.

வந்தார்கள். ஊதாச் சேலை. பையன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மகள் சமையலறை வாசலில் ரத்தமில்லாத முகத்தோடு நின்றாள்.

"மனசுல பட்டத நேராவே சொல்லியிருக்கலாம் அண்ணே" என்றார் சம்பந்தியம்மாள்.

"சத்தியமா இல்லீங்க அண்ணி. அந்த நாடகத்த நான் முழுசா பார்க்காமலே சொல்லிட்டேன்."

"நீங்களா? இவ்ளோ படிச்சவரு, பார்க்காமயா சொல்வீங்க?"

என் மனைவி உதவிக்கு வந்தாள். "நெசமாதான் அண்ணி. இவரு எதையும் முழுசா பார்க்க மாட்டாரு. சும்மா அடிச்சி விடுவாரு லா."

"புருஷன விட்டுக்கொடுக்காம பேசுறீங்க பாருங்க" என்று அவர் நெகிழ்ந்தார். தெரிந்தே நான் சொன்ன ஒரே முழு உண்மை, மரியாதைக்குச் சொன்ன பொய் என்று கணக்கில் சேர்ந்தது.

"நான் முழுசும் பார்த்தேன் அண்ணே" என்று அவர் தொடர்ந்தார். "அந்தப் பொம்பள கெட்டவ இல்ல. மகன் மேல பாசம். ரெண்டு பேரும் ஒரே கிச்சன்ல நின்னதுதான் தப்பு. என் கிச்சன்ல யாராச்சும் கரண்டிய மாத்தி வெச்சாலே எனக்கு ஆகாது. நானும் தண்ணி ஊத்துவேன், எனக்கே தெரியும். அதனால செனாய் வேணாம். பரிசம் வர்ற மாசமே போட்டுரலாம்."

வாசலில் மகள் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. நானும் விட ஆரம்பித்தேன்.

"தனியா வாடகைக்குப் போனாலும் புதுசுல கஷ்டப்படுவாங்க. நல்லா யோசிச்சேன். இங்கயே இருக்கட்டும்."

"இங்கயேவா?"

"மாமியாரும் மருமகனும் சண்ட போடுற நாடகம் ஒண்ணு சொல்லுங்க பார்ப்போம். நான் பார்த்ததே இல்ல."

வைத்தியனுக்கே தெரியவில்லை. "வீட்டோட மாப்பிள்ளைன்னு நாலு பேரு பேசுவாங்களே அண்ணி" என்று முனகினேன்.

"விடியறதுக்கு முன்னாடி சிங்கப்பூருக்குப் போறவன் எந்த வீட்டோட இருக்கான்? தூங்கத்தானே வரப்போறான்!"

மகள் என் பின்னால் வந்து காதருகே சொன்னாள்: "அப்பா, ஒண்ணும் பேசிறாதீங்க. ப்ளீஸ்பா."

சம்பந்தியம்மாள் அதற்குள் மாடிப்படியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். "மேல அந்த ரூம்ல என்ன இருக்கு?"

"புத்தகம்."

"எல்லாம் படிச்சிட்டீங்கதானே?"

பாதிகூட இல்லை. பையன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். மகளும் பார்த்தாள்.

"படிச்சிட்டேன்" என்றேன்.

"அப்புறம் என்ன?"

பையன் அளவு நாடாவோடு மாடியேறினான். புத்தகங்களைக் கட்டி வைக்க அட்டைப் பெட்டி கேட்டு வாங்கிவர மகள் தெருமூலைச் சீனர் மளிகைக் கடைக்குக் கிளம்பினாள். செருப்பை மாட்டக்கூடப் பொறுமையில்லை. ஒன்றைக் காலில் போட்டு, மற்றதைத் தேடிக்கொண்டே வாசலில் ஒற்றைக் காலில் குதித்தாள்.